மாவு போன வழி

பிறர் வாய் வைத்த பாட்டிலில் தண்ணீர் குடிப்பதைவிடத் தாகத்தில் சாவது கௌரவம் என்பது நிலவனின் கொள்கை. பஸ்ஸில் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தை உள்ளங்கையில் ஏந்தி உறிஞ்சும் சத்தம் கேட்டால் போதும், மோருக்குக் காத்திராமல் எழுந்துவிடுவான். ஹாஸ்டலில் இருந்தவரை தனக்கென்று ஒரு டம்ளர் வைத்துக்கொண்டு, அதைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் வகுப்புக்குப் போனான். அவன் அப்பா கொளஞ்சியப்பனுக்குக் கம்மாபுரத்து டீக்கடை ஒன்றில் ஒரு காலத்தில் தனி கிளாஸ் வைத்திருந்தார்கள். மகன் இப்போது மொத்த ஊருக்கும் தனி கிளாஸ் வைத்திருந்தான்.

இப்பேர்ப்பட்டவன் பீர் காய்ச்சும் வேலைக்கு ஆசைப்பட்டான். காரணம் பீர் அல்ல. கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த நாட்களில், போனில் ஒரு வீடியோ பார்த்தான். பளபளவென்று எவர்சில்வர் தொட்டிகள். வெள்ளை கோட்டும் கையுறையும் போட்ட ஒருவர் அவற்றைக் கழுவிக்கொண்டே இருந்தார். வீடியோ முடியும்வரை கழுவினார். படித்த படிப்புக்கு இப்படியும் ஒரு சுத்தமான வேலை உலகத்தில் இருக்கிறதா என்று நிலவன் அதை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான்.

இது கிடைக்காவிட்டால் அவனுக்காகத் தயாராக இருந்தது சாம்பல். அனல்மின் நிலையத்தில் கரியை எரித்தபின் மிஞ்சுகிற சாம்பலை அள்ளி லாரியில் ஏற்றும் காண்ட்ராக்டில், செந்தில்நாதன் என்ற காண்ட்ராக்டரிடம் அப்பா பேசி முடித்துவிட்டார். பேருக்கு சூப்பர்வைசர். அங்கே வேலை பார்க்கிறவர்கள் சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் சிமென்ட் வரும். காதைக் குடைந்தால் ஒரு சின்னச் சுவர் கட்டலாம். "ஒரு ரெண்டு வருஷம் ஓட்டு. அப்பறம் எதனா பர்மனென்ட்டுக்குப் பாப்போம்" என்றார் அப்பா. அந்த இரண்டு வருஷத்தைத் தின்றுவிட்டு இருமிக்கொண்டிருக்கும் பலரை நிலவனுக்குப் பேர் சொல்லித் தெரியும்.

பாண்டிச்சேரியில் சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் ஒரு கடையை நடத்துகிறவர் புவனா. ஐம்பதை நெருங்கும் வயது. கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார். நிலவனின் சர்ட்டிபிகேட்டுகளை ஈரக்கையால் புரட்டிவிட்டுச் சொன்னார்:

"தம்பி, டின்னுல வர்ற மால்ட் பாகைத் தண்ணியில கரைச்சு, ஈஸ்ட்டு போட்டா பீர் வந்துடும். அதைப் பள்ளிக்கூடத்துப் புள்ளைகூடச் செய்யும். நீ அந்தப் பாகோட தானியம் சேத்துச் செஞ்சு, அடுத்த மாசம் இதே தேதிக்குக் கொண்டா. எந்தத் தானியத்தை ஊற வெச்சாப் போதும், எதை மேஷ் போட்டே ஆகணும்னு தெரிஞ்ச ஆளுதான் எனக்கு வேணும். குடிச்சுப் பாத்தா எனக்குத் தெரிஞ்சுடும். எங்க வெச்சுச் செஞ்சேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதே."

கடைசி வரிக்குக் காரணம், அவன் நெய்வேலிக்காரன் என்பதும், நெய்வேலி தமிழ்நாட்டில் இருப்பதும், தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சினால் போலீஸ் வரும் என்பதும்தான்.

நிலவனின் வீட்டில் அம்மா அம்சவல்லி இருந்தாள். ஆகவே இடம் சிலம்பரசனின் குவார்ட்டர்ஸ் என்று முடிவானது. சிலம்பரசன் பள்ளித் தோழன். சுரங்கத்தில் கரி ஓடுகிற பெல்ட்டில் ஆபரேட்டர். அவன் அம்மா, தன் மகளின் பிரசவத்துக்காக நெல்லிக்குப்பம் போயிருந்தாள். அவள் போனபிறகு அந்தச் சமையலறையில் சிலம்பரசன் தனியாக வாழ்ந்திருந்தான் என்பதற்கு எல்லாச் சாட்சியமும் அங்கேயே கிடந்தது. அடுப்பில் பொங்கி வழிந்த பால், அடுக்கடுக்காகக் காய்ந்து, சுரங்கத்து மண் அடுக்குபோல வயது சொல்லும் நிலையில் இருந்தது. சிங்க்கில் ஒரு தட்டு. அதில் இட்லி என்று நம்பத்தக்க ஒன்று. அதன்மேல் பச்சையாக முடி முளைத்திருந்தது.

"இதை எப்பத் தின்னடா?"

"தின்னுக்கினு இருக்கசொல்ல ஷிப்ட்டுக்கு நேரமாயிடுச்சு மச்சான்."

"எந்த ஷிப்ட்டு?"

சிலம்பரசன் உண்மையாகவே யோசித்தான். விரல் விட்டு எண்ணியும் பார்த்தான்.

நிலவன் மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு பிளீச்சிங் பவுடரோடு இறங்கினான். சமையலறை தன் பழைய நிறத்துக்குத் திரும்பியபோது அது மஞ்சள் அல்ல, வெள்ளை என்று தெரிந்து சிலம்பரசனே ஆச்சரியப்பட்டான். தன் பங்குக்கு அவன் காலி பீர் பாட்டில்கள் சேகரித்து வந்தான். கடைக்குப் பின்னால் பொறுக்கியவை. ஒன்றில் பீடித் துண்டுகள் ஊறிக் கிடந்தன. இன்னொன்றில் ஒரு கரப்பான் மல்லாந்து மிதந்தது. மூன்றாவதில் இருந்ததை பீர் என்றுதான் நிலவனும் நினைத்தான், முகர்ந்து பார்க்கும்வரை. அதன்பின் வெளியே போய்ச் செடிகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றான்.

சாமான்கள் பெங்களூரிலிருந்து தபாலில் வந்தன. ஒரு டின் மால்ட் பாகு. கருக வறுத்த பார்லி கொஞ்சம். முளைகட்டிக் காயவைத்த பார்லி, அதாவது வறுக்காத வெள்ளை மால்ட், ஒரு பை. கசப்புக்கு ஹாப்ஸ் என்ற காய்ந்த பூ. ஈஸ்ட். கூடவே ஊர் அடையாளத்துக்காக மெயின் பஜாரில் நிலவனே வாங்கிய கெட்டி அவல்.

எல்லாவற்றையும் மேடையில் பரப்பியதும் சிலம்பரசன் தன் தீர்ப்பைச் சொன்னான்.

"எல்லாத்தையும் ஒண்ணா துணியில கட்டி, சுடுதண்ணியில ஊறப் போடு. முடிஞ்சுது."

"அப்படிப் போடக்கூடாதுடா."

"ஏன் கூடாது? இட்லிக்கு ஊறப் போடறோம். சுண்டலுக்கு ஊறப் போடறோம். என் யூனிபார்ம ஞாயித்துக்கிழமை ஊறப் போடறேன்."

"அது வெள்ளிக்கிழமை வரைக்கும் ஊறுது. அதான் இந்த நாத்தம்." நிலவன் பொறுமையாக விளக்கினான். "கேளு. இந்தக் கறுப்புத் தானியம் டீத்தூள் மாதிரி. வறுக்கும்போதே அதுல ஆகவேண்டியது எல்லாம் ஆயிடுச்சு. கலரும் வாசமும் எறங்கினாப் போதும். அரை மணி நேரம் ஊற வெச்சு, பிழியாம எடுத்துடலாம். அவல் அப்படி இல்ல. அதுல இருக்கறது வெறும் மாவு. ஈஸ்ட்டு மாவைத் தின்னாது, சக்கரையைத்தான் தின்னும். ஊறவெச்ச அவல் தண்ணியை பீர்ல ஊத்தினா அது கஞ்சி."

"கஞ்சி ஒடம்புக்கு நல்லதுதான?"

"மாவைச் சக்கரையா மாத்தறதுக்கு இந்த வெள்ளை மால்ட்டுக்குள்ள ஒரு என்சைம் இருக்கு. அதோட அவலைச் சேத்து, கை பொறுக்காத சூட்டுல, ஆனா கொதிக்காம, ஒரு மணி நேரம் விடணும். அதுதான் மேஷ். கொதிச்சா என்சைம் செத்துடும். உமியில இருக்கற துவர்ப்பும் எறங்கிடும்."

"ஒரு மணி நேரம் என்னா பண்ணனும்?"

"ஒண்ணும் பண்ணக்கூடாது. அதுதான் வேலை."

ஒன்றும் செய்யாமல் இருப்பது ஒரு வேலை என்பதைச் சிலம்பரசனின் தொழில் அறிவு ஏற்கவில்லை. அது அவன் முகத்திலேயே தெரிந்தது. நிலவன் கவனிக்காமல் விட்டான்.

காய்ச்சுகிற நாள் வந்தது. கறுப்புத் தானியத்தைப் புதுத் துணியில் கட்டி ஊறவைத்தது பிரமாதமாக அமைந்தது. தண்ணீர் நல்ல காபி நிறத்துக்கு வந்தது. வாசமும் கிட்டத்தட்ட அதேதான். அதை மூடி ஒதுக்கி வைத்துவிட்டு, பெரிய குண்டானில் வெள்ளை மால்ட் நொய்யையும் அவலையும் சுடுதண்ணீரில் கலந்தான். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தான். கச்சிதம். அடுப்பை அணைத்து, குண்டானுக்குத் துவைத்த போர்வை ஒன்றைச் சுற்றிக் கட்டினான். அப்போதுதான் அப்பாவின் போன் வந்தது.

"எங்கடா கீற? செந்தில்நாதன் ஆபீஸ்ல குந்திக்கினு இருக்காரு. கேட் பாஸுக்குப் போட்டோ எடுக்கணுமாம். இப்பவே போ. நான் சொல்லிட்டேன்."

அப்பா சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை. முதல் ஷிப்ட் முடிந்து சிலம்பரசன் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். உடம்பு முழுக்கக் கரித்தூள், கண் இரண்டு மட்டும் வெள்ளை.

"மச்சான், குண்டானைத் தொடாத. திறக்காத. நான் வந்துடறேன்."

"போடா. நான் பாத்துக்கறேன்" என்றான் சிலம்பரசன்.

அவன் கெட்டவன் அல்ல. பெல்ட்டில் வேலை பார்த்தவன், அவ்வளவுதான். சுரங்கத்தில் பெல்ட் ஒரு நிமிஷம் நின்றால் எங்கிருந்தெல்லாமோ போன் வரும். ஏன் நிக்குது, யார் நிறுத்தினது, எப்ப ஓடும். ஷிப்ட் மாறி உள்ளே போகிறவன் முதலில் பார்ப்பது எது சும்மா நிற்கிறது என்பதைத்தான். அதை ஓடவிட்டுவிட்டுத்தான் டிபன் பாக்ஸையே கீழே வைப்பான். இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஏறிப்போன ஒருவன் சமையலறைக்குள் நுழைந்தான். அடுப்பு அணைந்திருந்தது. குண்டான் போர்வை போர்த்திக்கொண்டு, மெடிக்கல் லீவு போட்டவன்போல உட்கார்ந்திருந்தது. தொடாதே, திறக்காதே என்று நிலவன் சொன்னது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அடுப்பைப் பற்ற வைக்காதே என்று அவன் சொல்லவில்லை.

நிலவனின் பைக் பிளாக் முனையைத் திரும்புவதற்குள் போர்வை கொடியில் தொங்கியது, அடுப்பு முழுத் தீயில் எரிந்தது.

கேட் பாஸ் போட்டோவில் குற்றவாளிபோல் முகம் வாங்கிக்கொண்டு நிலவன் திரும்பி வந்தபோது, வாசல்படியிலேயே வாசம் மாறியிருந்தது. ஈரச் சாக்கு வேகிற வாசம். உள்ளே குண்டான் மூடி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் பழுப்பு நுரை வழிந்து, அடுப்பில் விழுந்து, கருகி, அவன் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கிய சுவரில் புள்ளி புள்ளியாகத் தெறித்திருந்தது. மூடியைத் திறந்தான். சாம்பல் நிறத்தில் ஒரு கூழ். நடுவில் பெரிய கொப்புளம் ஒன்று மெதுவாக எழும்பி, பொறுமையாக உடைந்து, 'ப்ளப்' என்றது. உமி மேலே வந்து, நகம் வெட்டிப் போட்டதுபோல மிதந்தது.

"நல்லா ஓடிக்கினு இருக்கு மச்சான்" என்றான் சிலம்பரசன் பெருமையாக. "நீ போகசொல்ல அடுப்பை ஆப் பண்ணிட்டுப் போயிட்ட."

நிலவன் அடுப்பை அணைத்தான். முதலுதவிப் பெட்டியிலிருந்து அயோடின் எடுத்தான். ஒரு கரண்டிக் கூழை வெள்ளைத் தட்டில் ஆறவிட்டு, ஒரு சொட்டு விட்டான். மாவு இருந்தால் அயோடின் கருநீலமாகும். இது ஆன கருநீலத்தைப் பார்த்தால் பேனாவுக்கு ஊற்றலாம்போல இருந்தது.

"கலர் சூப்பரா இருக்கே" என்றான் சிலம்பரசன்.

அதன்பிறகு நிலவன் பேசியதை அச்சில் கொண்டுவர முடியாது. பேசி முடித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நிலைமையைச் சொன்னான். மறுபடி மால்ட் வரவழைத்தால், அது வந்து, காய்ச்சி, புளித்து முடிவதற்குள் புவனா மேடம் சொன்ன தேதி போய்விடும். வெறும் பாகில் செய்துகொண்டு போனால் மேடம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேட் பாஸ் போட்டோ ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

"வேற எதுலயும் அந்த என்சைம் இல்லியா?"

நிலவன் நிமிர்ந்தான். "முளைகட்டின கேழ்வரகுல இருக்கும்."

பக்கத்து குவார்ட்டர்ஸ் அமிர்தம் அக்காவிடம் முளைகட்டிய கேழ்வரகு மாவு எப்போதும் உண்டு. கேட்டதும் ஒரு சம்படம் நிறையக் கொடுத்தாள். "சளியாப்பா? நல்லாக் கஞ்சி காய்ச்சிக் குடிங்க" என்றாள். கூழை ஆறவைத்து, சரியான சூட்டில் அந்த மாவைக் கலந்து, இந்த முறை சிலம்பரசனையும் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தான். அயோடின் விட்டான். கருநீலம். இன்னும் காத்திருந்து விட்டான். முன்பைவிட நல்ல கருநீலம்.

சிலம்பரசன் அக்காவிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தான். "முளைகட்டி, காயவெச்சு, வாசம் தெருமுனைக்கு வர்ற வரைக்கும் வறுத்து அரைச்சாங்களாம். வறுக்காம அரைச்சா பச்சை வாசம் அடிக்குமாம். பக்குவம் வேணுமான்னு கேட்டாங்க."

வறுத்தபோதே அதிலிருந்த என்சைமும் பரலோகம் போயிருந்தது. நிலவன் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். பிறகு சிலம்பரசன் மெல்ல ஆரம்பித்தான்.

"மச்சான். பத்தாவதுல சயின்ஸ் லேப் ஞாபகம் இருக்கா?"

"இல்ல" என்றான் நிலவன். ஞாபகம் இருந்தது. அதனால்தான் அவ்வளவு வேகமாகச் சொன்னான்.

"ட்யூபுல கஞ்சித் தண்ணி. அதுல அயோடின் விட்டா நீலம். அப்பறம் அதுல எச்சில் துப்பி..."

"வாயை மூடு."

"...வெச்சிருந்து அயோடின் விட்டா நீலமே வராது. மாவு சக்கரையாயிடும்னு டீச்சர் சொன்னாங்க. நீங்கள்லாம் துப்ப வெக்கப்பட்டீங்க. மொத்த கிளாஸுக்கும் துப்பினது நான்தான்டா. டீச்சர் கைதட்டச் சொன்னாங்க. பள்ளிக்கூடத்துல எனக்குக் கெடச்ச ஒரே கைதட்டு."

"இது பீருடா! மனுஷன் குடிக்கறது!"

"அப்பறம் ஒரு மணி நேரம் கொதிக்க வெக்கத்தான போற? கொதிச்சா எல்லாம் செத்துடும்னு நீதான சொன்ன?"

எரிச்சல் என்னவென்றால், அதில் தப்பே இல்லை. வேதியியல் முழுக்க முழுக்கச் சிலம்பரசன் பக்கம் நின்றது. நான்கு வருஷம் படித்ததெல்லாம் சேர்ந்து நிலவனைத் தனியாக விட்டுவிட்டுப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. நிலவன் கேட் பாஸை நினைத்தான். சிமென்ட் வருகிற மூக்கை நினைத்தான்.

"கிண்ணம் எடுத்துட்டு வா" என்றான். சொன்ன குரல் யாருடையதோபோல இருந்தது.

நடந்ததை விரிவாகச் சொன்னால் படிக்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றிவைக்க வேண்டியிருக்கும். சிலம்பரசன் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைத் திறந்து எதிரில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி வேலையை ஆரம்பித்தான். முதலில் காறிக் காட்டினான். "காறாதடா! எச்சில் மட்டும்!" என்று நிலவன் அலறினான். அதன்பிறகு ஒழுங்காக நடந்தது. நூலாக இறங்கியது. கிண்ணத்தில் நுரைத்தது. நடுவே கரித்தூள் கோடு ஒன்று ஓடியதைப் பார்த்து, நிலவன் அவனை இரண்டு தடவை வாய் கொப்பளிக்க வைத்துப் புதுக் கிண்ணம் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் சிலம்பரசனுக்கு வாய் வறண்டுவிட்டது.

"நீயும் போடு மச்சான். எனக்கு மட்டுமா வேலை?"

நிலவன் கிண்ணத்தை வாங்கினான். அதில் தன்னுடையதும் சேர்ந்தால் மொத்தத்தில் கொஞ்சம் சுத்தமாகும் என்று ஏதோ ஒரு கணக்கு அவனுக்குத் தோன்றியது. ஊறுகாயைப் பார்த்தான். ஊறவில்லை. சாம்பலை நினைத்தான். ஊறியது.

உடம்புச் சூட்டுக்கு ஆறிய கூழில் அதைக் கலந்து மூடினார்கள். வெளியே நன்றாக இருட்டிய பிறகு நிலவன் கடைசி நம்பிக்கையோடு, அதேசமயம் பலிக்கக்கூடாது என்ற பிரார்த்தனையோடும் அயோடின் சொட்டு விட்டான். தேன் நிறம். தேன் நிறமாகவே நின்றது. கூழும் இளகி, தண்ணீர் தெளிந்து, மேலே பிரிந்திருந்தது. மாவு முழுக்கப் போய்விட்டது.

சிலம்பரசன் கைதட்டினான். தனக்குத்தானே.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. வடிகட்டி, பாகைக் கரைத்து, ஊறவைத்த கறுப்புத் தண்ணீரைச் சேர்த்து, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தார்கள். நிலவன் அதற்கு மேலும் கொதிக்க வைத்தான். ஆறியதும் ஈஸ்ட் போட்டு, வாளியில் மூடி வைத்தார்கள். வாளி ராப்பகலாக ஏப்பம் விட்டது. அமிர்தம் அக்கா என்ன வாசம் என்று கேட்டபோது, கக்கூஸ் அடைப்பு என்றான் சிலம்பரசன். அக்கா உடனே நம்பியதில் நிலவனுக்கு ஒரு வருத்தம். பாட்டிலில் அடைத்து, வாயு ஏறியதும் சிலம்பரசன் ஒன்றைத் திறந்து குடித்தான்.

"நல்லாத்தான்டா கீது. பாக்கு போட்ட மாதிரி நாக்கைப் புடிக்குது. நீ ஒரு வாய்?"

"செய்யறவன் குடிக்கணும்னு சட்டம் இல்ல" என்றான் நிலவன்.

சொன்ன தேதியில் பாட்டில்களைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து, கடலூர் வழியாகப் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தான். கடை இன்னும் திறக்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அந்தத் தொட்டிகள் நின்றன. வீடியோவில் பார்த்ததைவிடப் பளபளப்பு. நிலவனுக்கு அவற்றைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போல இருந்தது.

புவனா மேடமும், அங்கே காய்ச்சுகிற சசிகுமாரும் மேசையில் உட்கார்ந்தார்கள். பாட்டில் அழகாகச் சீறித் திறந்தது. மேடம் ஒரே கிளாஸில் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, அதே கிளாஸைச் சசிகுமாரிடம் தள்ளினார். சசிகுமார் பெரிய மடக்காகக் குடித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். நிலவன் தரையைப் பார்த்துக்கொண்டான்.

"கறுப்புத் தானியம் நல்லா ஊற வெச்சிருக்கே. பிழியல. சரி" என்றார் மேடம். "ஆனா துவர்க்குது. உமியோட கொதிக்க விட்டுட்டியா?"

"ஆமாங்க மேடம். ஒரு சின்னத் தப்பு நடந்துடுச்சு."

"எப்பக் கொதிச்சுது?"

"மேஷ் போட்ட ஒடனே."

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மேஷ் போட்ட ஒடனே கொதிச்சா என்சைம் செத்துடும். மாவு அப்படியே நின்னு பீர் கலங்கலா, கஞ்சியாட்டம் இருக்கணும். இது கண்ணாடி மாதிரி இருக்கு." இழுப்பறையிலிருந்து அயோடின் எடுத்து, சாசரில் ஊற்றிய பீரில் ஒரு சொட்டு விட்டார். தேன் நிறம். "சசி, இங்க பாரு. மாவே இல்ல. ஏம்பா, மாவு எங்க போச்சு?"

நிலவன் எச்சில் விழுங்கினான். விழுங்கியதை நினைத்ததும் இன்னும் மோசமாக இருந்தது.

"பாக்கெட்ல வர்ற என்சைம் வாங்கிப் போட்டிருப்பாரு மேடம்" என்றார் சசிகுமார்.

அதைவிட நல்ல பொய்யை யாரும் தட்டில் வைத்து நீட்ட முடியாது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொட்டிகள் பளபளத்தன. நிலவன் வாயைத் திறந்தான். அதே நேரம் மேடம், "புத்திசாலிப் பையன்தான்" என்று சொல்லிக்கொண்டே கிளாஸை மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோனார்.

தனக்குத் தெரியாமல் யாராவது தனக்கு இப்படிக் கொடுத்திருந்தால் என்ற நினைப்பு வந்ததுதான் தாமதம், நிலவன் மேசையைத் தாண்டிக் கை நீட்டினான்.

"குடிக்காதீங்க மேடம்!"

கிளாஸ் பாதியில் நின்றது. நிலவன் சொன்னான். பெல்ட், போர்வை, கேழ்வரகு, பத்தாம் வகுப்பு, ஊறுகாய் என்று எதையும் விடாமல் சொன்னான். கிண்ணத்துக்கு வரும்போது சசிகுமார் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. வாஷ்பேசின் பக்கமிருந்து வந்த சத்தங்கள் நீண்ட நேரம் நீடித்தன.

மேடம் அசையவில்லை.

"யாரோட எச்சில்?"

"ரெண்டு பேரோடதும்ங்க. பெரும்பாலும் சிலம்பரசனோடது."

"அவர் யாரு?"

"பெல்ட் ஆபரேட்டருங்க."

"அப்பறம் கொதிச்சுதா?"

"ஒரு மணி நேரத்துக்கு மேலயே."

"நீ குடிச்சியா?"

இல்லை என்று நிலவன் தலையசைத்தான்.

"அப்ப உனக்கே கொமட்டற சாமானை எனக்குப் பாட்டில்ல அடைச்சுக் கொண்டாந்து குடுத்திருக்கே" என்றார் மேடம். குரல் உயரவில்லை. இதுவரை நிலவன் உலகத்தைப் பார்த்த பார்வை ஒன்று உண்டு, பச்சை முடி முளைத்த இட்லியைப் பார்த்த பார்வை. அதே பார்வையால் மேடம் இப்போது அவனைப் பார்த்தார். அந்தப் பக்கம் நின்று அதை வாங்குவது அவனுக்கு இதுவே முதல் தடவை.

கிளாஸை அவன் பக்கம் நகர்த்தினார். பாதி இருந்தது. விளிம்பில் மேடத்தின் உதட்டு ஈரம். அதற்கு எதிர்ப்பக்கம் சசிகுமாரின் மீசை நுரை.

"இங்க ருசி பாக்கறது எல்லாரும் ஒரே கிளாஸ்லதான். நான், சசி, தொட்டி கழுவறவங்க, எல்லாரும். இந்தக் கடை தொறந்த நாள்லருந்து அதான் பழக்கம். யாருக்கும் தனி கிளாஸ் கெடையாது. முடியும்னா குடி, பேசுவோம். முடியாதுன்னா பஸ் ஸ்டாண்டு நேராப் போனா வந்துடும்."

நிலவன் கிளாஸை எடுத்தான். கை பழக்கத்தில் அதை முகத்துக்கு மேலே தூக்கி, அண்ணாந்து, உதடு படாமல் சரித்தது. பீர் தண்ணீர் அல்ல. நுரையாகப் பொங்கி மூக்குக்குள் போனது. புரையேறி, கண்ணீர் வழிந்து, சட்டை முன்பக்கம் நனைந்தது. மேடம் ஒரு டிஷ்யூகூட எடுத்துத் தரவில்லை.

கிளாஸில் இன்னும் ஒரு மடக்கு மிச்சம் இருந்தது. அப்பாவுக்கு அந்த டீக்கடையில் வைத்திருந்த கிளாஸ் எப்படி இருந்திருக்கும் என்று, சம்பந்தமில்லாமல் ஒரு யோசனை வந்தது. அவர் சொன்னதில்லை. இவன் கேட்டதும் இல்லை. நிலவன் கண்ணை மூடிக்கொண்டு கிளாஸின் விளிம்பில் உதட்டை வைத்தான். விளிம்பு ஈரமாக, லேசான சூட்டோடு இருந்தது. விழுங்கினான். அது இறங்குகிற வழியெல்லாம் எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டே இறங்கியது.

"எப்படி இருக்கு?"

"கேவலமா இருக்குங்க மேடம். உமித் துவர்ப்பு நாக்குலயே நிக்குது."

மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். அது முழுச் சிரிப்பு அல்ல, அருவருப்பு பாதிக்கு மேல் கலந்திருந்தது.

"திங்கக்கிழமை வா. தொட்டி கழுவற வேலை. அடியில தங்கற ஈஸ்ட்டுச் சகதியக் கையால அள்ளணும், நாத்தம் புடுங்கும். காய்ச்சறதெல்லாம் அப்பறம் பாப்போம். ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். அந்த பெல்ட் ஆபரேட்டர் கடலூர் தாண்டி இந்தப் பக்கம் வரக்கூடாது."

பஸ் ஸ்டாண்டில் நிலவன் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி, பாதியை வாய் கொப்பளித்தே தீர்த்தான். அதற்குள் சிலம்பரசன் போன் செய்துவிட்டான். பின்னால் பெல்ட் ஓடும் இரைச்சல்.

"என்னா மச்சான் ஆச்சு?"

"கெடச்சுடுச்சு. தொட்டி கழுவணும். சகதி அள்ளணும்."

"சாம்பலுக்கு எவ்ளவோ தேவலை. பீரு எப்படியாம்?"

"துவர்க்குதாம்."

அந்தப் பக்கம் சிலம்பரசன் கொஞ்சம் யோசித்தான்.

"அது உன் எச்சில்டா" என்றான். "என்னுது இனிப்பு. பத்தாவதுலயே டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு."